நகப்பூச்சுக் கோடு போட்ட மீட்டர்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் காலையில் கண்விழித்தால் ஒரு படம் வந்து கிடக்கிறது. நடுவில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் குடும்பமே கைகட்டி நிற்கும். அந்தக் காலத்தில் பெரியவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, அதனால்தான் வீடு வீடாக இருந்தது என்று கீழே எழுதியிருக்கும். உடனே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்புகிறீர்கள். நானும் உங்கள் வயதுக்காரிதான். எனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது, எனக்கும் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரிவதில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கைகூப்ப எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, எழுதிவிடுகிறேன்.

போன வாரம் என் நர்சரி வண்டி திருவையாற்றுப் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. பழைய பெட்ரோல் பிக்கப். பின்னால் மாங்கன்றுகள். பட்டறையில் விட்டேன். பையன் ஒருவன் இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினான், சாவியைத் திருப்பினான், முள்ளைப் பார்த்தான். பிரஷர் இல்லைக்கா, பில்டர் அடைச்சிருக்கு என்றான். எனக்கு வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நான் அந்த டீயைக் குடிக்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு காரியத்தைச் செய்யத்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் துப்பில்லாமல் போயிற்று.

எனக்கு அப்போது பத்து வயது. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். டில்லியில் கதவையெல்லாம் திறந்துவிட்டார்கள், இனிமேல் எல்லாச் சாமானும் இங்கேயே கிடைக்கும் என்று பேசிக்கொண்ட வருடங்கள் அவை. கடைத்தெருவில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு சபுராளி வீடு, அதாவது கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர்களின் வீடு. அந்த வீடுகளில் டேப் ரிக்கார்டர் இருக்கும், ஃபாரின் சோப்பு இருக்கும், ஆண்பிள்ளை இருக்கமாட்டார். என் தகப்பனார், அத்தா என்றுதான் கூப்பிடுவோம், மஸ்கட்டில் இருந்தார். நான் அவரை லீவில் வரும் ஒரு விருந்தாளியாகத்தான் பார்த்திருந்தேன்.

அந்தத் தை மாதம் அத்தா திரும்பி வந்தார். சம்பா அறுத்துக் களமெல்லாம் வைக்கோலாகக் கிடந்தது. இந்தத் தடவை அவருக்குப் பின்னால் கப்பலில் ஒரு வண்டியும் வந்தது. கம்பெனியில் அவர் பல வருடம் ஓட்டிய ஜப்பான் பிக்கப். கம்பெனி அதைக் கழித்துவிட்டபோது சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிவிட்டார். மெட்ராஸ் துறைமுகத்தில் எடுத்து, சாலை முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்க்க ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மணல் நிறம். உள்ளே பிளாஸ்டிக்கும் அத்தரும் பேரீச்சம்பழமும் கலந்த ஒரு வாசனை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. இஞ்சினில் கார்பரேட்டர் கிடையாது. டாங்கிக்குள் ஒரு பம்பு இருந்து பெட்ரோலை அழுத்தி அனுப்பும், அது ஊசித் துளை வழியாக இஞ்சினுக்குள் பீய்ச்சும். இப்போது எல்லா வண்டியும் அப்படித்தான். அப்போது எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்று ஒத்துக்கொள்ளும் பழக்கமும் யாருக்கும் இல்லை. முக்கியமாக என் பெரியத்தாவுக்கு இல்லை. அத்தாவின் அண்ணன். ஒரு அரிசி மில்லும் அதை ஓட்ட ஒரு டீசல் இஞ்சினும் வைத்திருந்தார், அதனால் உலகத்தில் உள்ள இஞ்சின் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று நினைத்தார். வண்டி வந்த அன்றே வலது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பது எதிரே வருகிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது, அவர்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே போனார். கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வண்டி ஓட்டிய மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வண்டியின் நிறமோ வாசனையோ ஒரு பொருட்டில்லை. அவளுக்கு ஒரே கணக்குத்தான் இருந்தது. ஆறு மாதத்துக்குமேல் வெளியே தங்கினால் அத்தாவின் விசா செத்துவிடும். ஆடியில் ஆற்றுத் தண்ணீர் வருவதற்குள் அது செத்துவிட வேண்டும், அதுவரை வண்டி ஓட வேண்டும். வண்டி ஓடினால் அத்தா இங்கேயே இருந்துவிடுவார். ஓடாவிட்டால் பெட்டியைக் கட்டுவார். தொழுகைக்குப் பிறகு அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியும், சத்தமாகவே கேட்டாள்.

கோடியக்கரையில் ஒரு மீன் ஏலக்காரர் அத்தாவை நம்பினார். விடிகிற நேரத்தில் ஏலம் எடுத்த மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டு ஏற்றினால், வெயில் ஏறுவதற்குள் தஞ்சாவூரில் இறக்க வேண்டும். வண்டி வழியில் நிற்காத வரைக்கும் சரக்கு உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். மாசி முழுக்க வண்டி ஓடியது. மத்தியானம் அத்தா வீட்டுக்கு வந்து, போர் தண்ணீரில் மீன் செதில் போகக் குளித்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் முதுகில் நான் சோப்புப் போட்டேன். என் வயதுப் பெண்ணுக்கு அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும், எனக்கு இல்லை. எனக்கு ஒரு அத்தா இருக்கிறார் என்பதை அந்த மாசி மாதத்தில்தான் நான் நம்பினேன்.

பங்குனியில் வண்டி நின்றது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும், பாரம் ஏற்றிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை இல்லாமல் திணறும், சூடேறியதும் நின்றுவிடும். முதல் தடவை வேதாரண்யம் சாலையில் ஒரு பகல் முழுக்க நின்று, ஐஸ் உருகி மீன் கெட்டுப்போயிற்று. ஏலக்காரர் ஒரு தடவை பொறுத்துக்கொண்டார்.

செய்தி கேட்டதும் பெரியத்தா மில்லிலிருந்து வந்துவிட்டார். கூடவே மில் ஃபிட்டர். இந்த ஃபிட்டருக்கு ஒரே ஒரு திறமைதான் உண்டு, முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆமாங்க என்பார். பெரியத்தா வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏர் புடிச்சிருக்கு, ஏர் எடுக்கணும் என்றார். நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. டீசல் பம்புசெட் நின்றால் குழாய் நட்டைத் தளர்த்தி, உள்ளே புகுந்த காற்றை டீசலோடு வெளியே விடுவோம். வயல்காட்டுப் பிள்ளைக்கும் தெரியும். டீசல் இஞ்சினுக்கு அது சரி. பெரியத்தா அதை மனிதர்களுக்கே சொல்லுவார். வயிற்றுவலிக்காரனுக்கும் ஏர், கடையில் வியாபாரம் இல்லாதவனுக்கும் ஏர்.

அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபிட்டர் நட்டைத் தளர்த்திவிட்டார், சாவியும் திருப்பியாகிவிட்டது. அழுத்தத்தில் இருந்த பெட்ரோல் விசிறியடித்துப் பெரியத்தாவின் வெள்ளைச் சட்டையை மார்பிலிருந்து இடுப்புவரை நனைத்தது. இஞ்சின் மட்டும் சூடாக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லோரும் கருகியிருப்பார்கள். அவர் அசரவில்லை. பார்த்தியா, எவ்வளவு ஏர் இருந்திருக்கு என்றார். ஃபிட்டர் ஆமாங்க என்றார்.

அத்தா மஸ்கட்டிலிருந்து ஒரு நீலத் துணிப்பையில் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகல வட்டம், அடியில் ஒரு ரப்பர் குழாய். கம்பெனிப் பட்டறையில் யாரோ அதன் கண்ணாடிமேல் சிவப்பு நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். முள் இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் பெட்ரோல் சரியான அழுத்தத்தில் வருகிறது, கீழே நின்றால் வரவில்லை. அவ்வளவுதான் அதன் பாஷை. அம்மா அதை முதல்நாளே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள்.

எங்கள் வீட்டு மரியாதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கணவனின் அண்ணனிடம் அம்மா நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள், இந்தப் பக்கம் நிற்கும் பெரியத்தாவிடம் நான் அதைச் சொல்ல வேண்டும். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அம்மாவுக்கான பதிலை என்னிடம் சொல்லுவார். இடையில் ஒரு பலகைக் கதவு, அதுவும் பாதி திறந்தது.

அன்றைக்கு அம்மா, “மீட்டர் வச்சுப் பார்க்கலாமேன்னு கேளும்மா” என்றாள். நான் கேட்டேன். பெரியத்தா மீட்டரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஃபிட்டர் அது டயருக்குக் காற்று பார்ப்பதுங்க என்றார். அதைக் கொண்டுபோய் டயரில் வைத்து அழுத்தினார்கள், பொருந்தவில்லை. பெரியத்தா அதை பானட்மேல் போட்டார்.

“பெட்ரோல் என்ன கஷாயமா, அளந்து குடிக்கிறதுக்கு? அம்மாகிட்ட சொல்லு, அடுப்படியில அளக்க வேண்டியது நெறைய இருக்குன்னு.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தாவும் பக்கத்தில்தான் நின்றார். மஸ்கட்டில் கம்பெனி யார்டு முழுக்க ஆட்களை வேலை வாங்கியவர். இங்கே அண்ணன் எதிரில் உட்காரமாட்டார், கைலியை மடித்துக் கட்டமாட்டார், பேச்சில் குறுக்கிடமாட்டார். வாயைப் பொத்தினாற்போல் ஒரு கையை மீசைமேல் வைத்துக்கொண்டு நிற்பார். இதைத்தான் நீங்கள் அடக்கம் என்று எழுதுகிறீர்கள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கேலிக்கூத்து. பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார்கள். பாட்டரியைக் குளிப்பாட்டினார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஆளாக இருந்தாலும் எங்கள் வாசலுக்கு வந்து பானட்டுக்குள் தலையை விட்டு ஒரு யோசனை சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள். வண்டி குணமாக வேண்டும் என்று குடும்பத்தோடு நாகூருக்கும் போய் வந்தோம், பஸ்ஸில். நடுவில் அத்தா இன்னொரு தடவை மீன் ஏற்றிப் பார்த்தார். திருத்துறைப்பூண்டி தாண்டவில்லை. ஏலக்காரர் வேறு லாரி பார்த்துக்கொண்டார், ஆனால் வண்டி சரியானால் வந்து சொல்லுங்கள் என்று ஆளிடம் சொல்லியனுப்பினார். அம்மா அந்த ஒரு வாக்கியத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வைகாசியில் பெரியத்தா தீர்ப்புச் சொன்னார். இந்த ஊசி, கம்பி, பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய டாக்ஸி ஒன்றின் கார்பரேட்டரை வைத்துவிடுவது. அப்போதுதான் அது மனுஷன் ஓட்டுகிற வண்டியாகுமாம். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் இருந்தது, போகிற இடத்தில் கார்பரேட்டரையும் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் குடும்பத்தையே திரட்டி ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள அத்தா இருந்தார். எனக்கும் போகப் பிடிக்கவில்லை.

டாக்ஸி தெருவைத் தாண்டியதும் அம்மா எழுந்து தலையை முடிந்துகொண்டாள். நீலத் துணிப்பையைக் கொண்டுவந்து அத்தா முன்னால் வைத்தாள்.

“இப்ப யாரும் இல்லங்க. பாருங்க.”

அத்தா என்னென்னவோ சொல்லி மத்தியானம்வரை தயங்கினார். பிறகு எழுந்தார். அந்த மத்தியானம் எனக்கு இன்னும் வெயிலோடு ஞாபகம் இருக்கிறது. அடுப்பை அணைக்கச் சொன்னார். நட்டுக்கு அடியில் பழைய துண்டை வைத்து, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலை மெதுவாக அதில் கசியவிட்டார். ஈரமான நெடி மூக்கைப் பிடித்தது. மீட்டரை மாட்டினார். முள் எங்கே நிற்கிறது என்று சொல்வது என் வேலை. சாவியைத் திருப்பினார், டாங்கிக்குள் பம்பு முனகியது, முள் எழுந்து கீழ்க் கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. சொன்னேன். அத்தா இறங்கி வந்து, மிச்சப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பிப் போகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றி இடுக்கியால் மெல்ல நெரித்தார். முள் ஏறியது. கீழ்க் கோட்டைத் தாண்டி இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது. நான் நின்னுடுச்சு அத்தா என்றேன்.

அவர் முகம் மாறியது. பம்பு நன்றாகத்தான் இருக்கிறது, திரும்பிப் போகும் பெட்ரோலைத் தடுத்து அழுத்தத்தைக் காக்கிற சின்ன ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னார். தீப்பெட்டி அளவு சாமான், மஸ்கட்டிலிருந்து லீவில் வருகிற யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றார். இடுக்கியை அப்படியே குழாயில் கவ்வவிட்டு இஞ்சினைக் கிளப்பினார். ஒரே தடவையில் பிடித்தது. திணறவில்லை, நிற்கவில்லை, சூடேறிய பிறகும் ஒரே சீராக ஓடியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அத்தா கையை மேலே உயர்த்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எங்கள் மூவருக்கும் அப்போது எல்லாம் கிடைத்துவிட்டது.

தெருமுனையில் டாக்ஸியின் ஹாரன் கேட்டது. பெரியத்தா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார், அவரோடு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னொரு வண்டியில். கார்பரேட்டர் வைப்பதைப் பார்க்க அவரே அழைத்து வந்திருக்கிறார்.

அத்தாவின் கை சாவிக்குப் போனது.

“ஓடட்டும்ங்க,” என்றாள் அம்மா. “அவங்களும் பாக்கட்டும்.”

“அத்தனை பேரு முன்னாலயா? அண்ணன் மொகத்த எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க?”

“அப்ப நாங்க?”

அத்தா அம்மாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். இடுக்கியை எடுத்தார், மீட்டரைக் கழற்றினார், பானட்டை மூடினார். பெட்ரோல் ஊறிய துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். டாக்ஸி வந்து நின்றபோது ஒரு கையை மீசைமேல் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். பெரியத்தா கையில் ஒரு துருப்பிடித்த கார்பரேட்டரைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் ஃபிட்டர் எல்லாவற்றையும் அறுத்துப்போட்டார். அத்தா அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம், எடுத்துக் கொடுத்தார். புது ஏற்பாட்டோடு வண்டி புகை கக்கிக்கொண்டு தெருமுனைவரை போயிற்று, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜப்பான்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்றார் பெரியத்தா. ஃபிட்டர் ஆமாங்க என்றார். அதன்பிறகு அது நின்ற இடத்திலேயே நின்றது. சாயங்காலங்களில் பெரியத்தா வலது சீட்டில் ஏறி உட்கார்ந்து ரேடியோ கேட்பார், அதற்கு மட்டும் அது கடைசிவரை உதவியது. அவர் மௌத்தானபோது ஊரில் பெரிய மனுஷன் போய்விட்டார் என்றார்கள். இருக்கலாம், ஆள் பருமன்தான்.

பல வருடம் நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முட்டாள், அவ்வளவுதான், முட்டாள்களுக்குச் செய்யத் தெரிந்ததை அவர் செய்தார். இந்த வயதில் எனக்கு வேறொன்று தெரிகிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் முகத்துக்காகத்தான் திருப்பினாரா, இல்லை மஸ்கட் அவருக்கு எங்களைவிடச் சுலபமாக இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அன்றைக்கே ஏதோ தெரிந்திருந்தது.

ஏனென்றால் அன்று ராத்திரியிலிருந்து அவள் அத்தாவிடம் நேரே பேசவில்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அத்தாகிட்ட சொல்லும்மா, சோறு வச்சிருக்குன்னு. அத்தாகிட்ட கேளும்மா, டிக்கெட் போட்டாச்சான்னு. பெரியத்தாவுக்குக் கொடுத்த அதே மரியாதை. அத்தாவுக்கும் காது நன்றாகக் கேட்கும். முதல் நாள் சிரிக்கப் பார்த்தார். பிறகு அவரும் உத்தரத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

ஆற்றில் தண்ணீர் வரவில்லை, விசா சாகவில்லை, ஆனி மாதம் அத்தா கிளம்பினார். மீட்டரை அம்மா அந்த நீலப் பையோடு அவர் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துக் கட்டினாள், நான் அதை மறுபடி பார்க்கவே இல்லை. திருச்சி விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வாசலில் நின்றது. பெரியத்தா முன்னால் நின்று துஆ செய்தார், ஊரே ஆமீன் சொன்னது. அத்தா என் தலையில் கை வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அத்தாகிட்ட சொல்லும்மா, வண்டி ஓடுச்சுன்னு.”

சொன்னேன். அத்தா உத்தரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டாக்ஸியின் கதவைத் திறந்துகொண்டே, யாருக்கும் கேட்காதபடி, “தெரியும்னு சொல்லு” என்றார்.

நான் திரும்பியபோது அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். அந்தப் பதிலை நான் இதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.